பாதிக் கதையின் கணக்கு: கவிஞர் பனாரசிதாசரின் வாழ்க்கை

1641ஆம் ஆண்டு. ஷாஜகான் ஆட்சி புரிந்த காலம். ஆக்ரா நகரில் ஐம்பத்தைந்து வயதுடைய சமண வணிகர் ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுத முற்பட்டார். மனிதரின் முழு ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால் தாம் சரிபாதி வழி கடந்துவிட்டதாக அவர் கணக்கிட்டார். ஆதலால் அந்நூலுக்கு அர்த்த கதானகம் என்று பெயரிட்டார். பாதிக் கதை என்பது அதன் பொருள். மக்கள் பேசிய மத்தியதேசத்து மொழியில் 675 பாடல்களால் அமைந்த அந்நூலை, இந்தி மொழியில் எழுந்த முதல் தன்வரலாறு என்று அறிஞர்கள் போற்றுவர்.

வடநாட்டுச் சமண வணிகர்கள் வீரநிர்வாணத் திருநாளை ஒட்டிப் பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கு எழுதத் தொடங்குவது நெடுநாளைய வழக்கம். வரவையும் செலவையும் அன்று மறைக்க இயலாது; மறைத்தால் அடுத்த ஆண்டின் கணக்கும் பிழைபடும். பனாரசிதாசர் தம் வாழ்நாளையே அத்தகைய ஒரு கணக்கேடாகக் கருதினார் என்று கொள்வது தவறாகாது. வயது, செல்வம், வீட்டு இரகசியம், செய்த தானம், பட்ட அவமானம் முதலிய ஒன்பதையும் பிறர் அறியாமல் காத்துக்கொள்வது உலகியல் என்பதை அவர் நன்கு அறிந்தவர். அறிந்திருந்தும் அவற்றுள் பெரும்பாலானவற்றை வெளிப்படையாக எழுதிவைத்தார்.

அவருடைய முன்னோர் ரோத்தக் நகரை அடுத்த பிஹோலி என்னும் ஊரினர். இராசபுத்திரராக இருந்து, குருவின் உபதேசத்தால் ஜினதர்மத்தை ஏற்று, ஸ்ரீமால் வணிகக் குலத்தவரானவர்கள். பாட்டனார் மூலதாசர் மால்வா நாட்டு நர்வர் என்னும் ஊரில் முகலாய அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்தார். அவர் இறந்தவுடன் வீட்டிலிருந்த பொருள் அனைத்தையும் அந்த அதிகாரி கவர்ந்துகொள்ள, அவர் மனைவி சிறுவனாகிய மகனுடன் ஜவுன்பூரில் இருந்த தம் பிறந்தகம் வந்து சேர்ந்தார். அச்சிறுவனே பனாரசிதாசரின் தந்தை கரகசேனர். வளர்ந்தபின் அவர் வங்கத்திலும் ஆக்ராவிலும் பணியும் வணிகமும் செய்து, இறுதியில் ஜவுன்பூரில் இரத்தின வணிகராக நிலைபெற்றார்.

பிள்ளைப்பேறு வேண்டிக் கரகசேனர் தம் மனைவியுடன் ரோத்தக்கில் இருந்த சதி தெய்வத்தின் கோயிலுக்குப் புறப்பட்டார். வழியில் கள்வர் மறித்து உடுத்த உடையன்றி மற்ற அனைத்தையும் பறித்துக்கொண்டனர். அதற்குப் பின்னும் அத்தெய்வத்தின் மீது வைத்த நம்பிக்கையை அவர்கள் விடவில்லை. வரம் கேட்கச் சென்றவர்களைக் காக்க முடியாத தெய்வம் வரம் தந்ததாக எண்ணியதை நினைத்து மகன் பிற்காலத்தில் நகைத்துக்கொண்டார்.

1586இல் மகன் பிறந்தான். விக்கிரமாசித்து என்று பெயரிட்டனர். குழந்தைக்குச் சில திங்கள் ஆனபோது பெற்றோர் அவனைக் காசி நகரத்துப் பகவான் பார்சுவநாதர் ஆலயத்திற்கு எடுத்துச் சென்றனர். அங்கிருந்த பூசகர் மூச்சை அடக்கித் தியானத்தில் இருப்பவர் போல் நடித்து, பகவானின் யட்சன் தம்முன் தோன்றியதாகவும், பகவான் பிறந்த ஊரின் பெயரைக் குழந்தைக்கு இட்டால் நீண்ட ஆயுள் உண்டென்று கூறியதாகவும் சொன்னார். அவ்வாறே பனாரசி என்னும் பெயர் அமைந்தது. தம் பெயர் வந்த கதையைத் தாமே ஒரு பாசாங்கு என்று எழுதிய கவிஞர் வேறெவரும் உளரோ அறியோம்.

பதினொரு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் கைராபாத்தைச் சேர்ந்தவர். மருமகள் வீட்டுக்கு வந்த அதே நாளில் வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதே நாளில் மூதாட்டியாகிய பாட்டியும் உயிர் நீத்தார். வரவு, பிறப்பு, இறப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒரே நாளில் நேர்ந்தன.

அடுத்து வந்தது ஆட்சியாளரின் கொடுமை. 1598ஆம் ஆண்டளவில் ஜவுன்பூரை ஆண்ட கிலிச் கான், தான் கேட்ட பொருளைத் தரவில்லை என்று நகரத்து இரத்தின வணிகர் அனைவரையும் சிறையிலிட்டுக் கசையால் அடித்தான். விடுபட்ட வணிகர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினர். கரகசேனரும் ஓடினார். இளம் பனாரசி அந்த அலைச்சலினிடையே சோழிகளை வாங்கி விற்றுச் சிறு வருவாய் ஈட்டத் தொடங்கினான். வணிகம் என்பது அவன் அளவில் அச்சத்தின் நடுவே கற்ற பாடமாயிற்று.

பதினான்காம் வயதில் பண்டிதர் ஒருவரிடம் நிகண்டும் அணியிலக்கணமும் சோதிடமும் கற்றார். பானுசந்திரர் என்னும் சுவேதாம்பர முனிவரிடம் சமய நூல்களையும் பயின்றார். ஆயினும் அவ்வயதில் அவரது உள்ளம் காதல் மயக்கத்திலேயே ஆழ்ந்திருந்தது. தந்தையின் பெட்டியிலிருந்து மணிகளைத் திருடிக் காதற்பெண்டிருக்குப் பரிசளித்தார். காதற்சுவை மிகுந்த ஆயிரம் பாடல்களைக் கொண்ட நூல் ஒன்றையும் இயற்றினார். அதன்பின் மேனி முழுதும் புண்ணாகும் நோய் வந்தது. உற்றார் அருகில் வர அஞ்சினர். மனைவியும் மாமியாருமே மருந்திட்டு உணவூட்டினர். நாவிதர் ஒருவர் பல திங்கள் மருத்துவம் செய்து குணப்படுத்தினார். நோய் நீங்கியபின் பழைய மயக்கம் மீண்டும் பற்றிக்கொண்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஒரு சந்நியாசி அவருக்கு மந்திரம் ஒன்று கற்பித்தார். அதை ஓராண்டு இரகசியமாக உருவேற்றினால் நாள்தோறும் வாயிற்படியில் ஒரு பொற்காசு கிடைக்கும் என்பது வாக்கு. ஓராண்டு முடிந்தது, வாயிற்படியில் எதுவும் இல்லை. பின்னர் யோகி ஒருவர் சிவன் என்று சொல்லிச் சங்கு ஒன்றைத் தந்தார். அதையும் மறைவாக வழிபட்டார். 1605இல் அக்பர் காலமான செய்தி ஜவுன்பூரை அடைந்தபோது பனாரசிதாசர் வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் நிலைதடுமாறி விழ, நெற்றி பிளந்து குருதி கொட்டியது. நகரத்தார் கடைகளை அடைத்துப் பொன்னையும் நகையையும் மண்ணில் புதைத்தனர். செல்வர் எளியவர் போல் முரட்டு ஆடை உடுத்தனர். சலீம் இளவரசர் ஜஹாங்கீர் என்னும் பெயரோடு அரியணை ஏறினார் என்ற மடல் ஆக்ராவிலிருந்து வந்தபிறகே அச்சம் நீங்கியது. தாம் விழுந்தபோது தாம் வழிபட்ட தெய்வம் ஏன் தாங்கவில்லை என்னும் கேள்வி அவருள் எழுந்தது. சங்கு வழிபாடு அன்றோடு நின்றது.

அதன்பின் ஒரு நாள், நண்பர்கள் சூழக் கோமதி ஆற்றங்கரையில் இருந்தபோது, தம் காதல் நூலைக் கையில் எடுத்தார். ஒரு பொய் சொன்னாலே நரகம் என்கையில், நிகழாதவற்றை ஆயிரம் பாடல்களாகப் புனைந்தவரின் கதி யாது என்ற எண்ணம் தோன்றியது. ஏட்டைக் கட்டவிழ்த்து ஆற்றில் எறிந்தார். நண்பர்கள் பதறினர், ஓடும் நீரில் பரவிய ஏடுகளை மீட்க இயலவில்லை. மகன் திருந்தினான் என்று கரகசேனர் மகிழ்ந்தார். பூசையும் சாமாயிகமும் உணவில் விலக்கும் அன்றுமுதல் அவர் வாழ்வில் இடம்பெற்றன.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அது எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் மனமாற்றக் கதைகளுள் ஒன்றாகியிருக்கும். அவருக்கு அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. வீசி எறிவது எளிது என்பதை மட்டுமே அவர் அன்று கற்றார். அந்தப் பாடம் பின்னர் அவரைப் பெரியதொரு பிழைக்கு இட்டுச் சென்றது.

1610இல் கரகசேனர் வீட்டுப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். சில மாணிக்கங்களும் பிற மணிகளும், இருபது மணங்கு நெய்யும், எண்ணெய்க் குப்பிகளும், ஜவுன்பூர்த் துணியும் தந்து, ஆக்ராவில் விற்றுவர அனுப்பினார். எட்டாவா அருகே பெருமழை பிடித்துக்கொண்டது. சத்திரத்தில் இடமில்லை, எவரும் கதவைத் திறக்கவில்லை. இறுதியில் காவலர் குடிசை ஒன்றில், கட்டிலில் ஒருவன் படுத்துறங்க, அதன் அடியில் சாக்கு விரித்து இரவைக் கழித்தார்.

ஆக்ராவில் அவருக்கு எதுவும் கைகூடவில்லை. நெய்யும் எண்ணெயும் விற்றதில் ஊதியம் சிறிது. துணி நட்டத்துக்குப் போயிற்று. ஆடை முடிச்சில் கட்டிவைத்த மணிகள் அவிழ்ந்து விழுந்து காணாமற்போயின. வேறு சில மணிகளைச் சுற்றி வைத்த பொதியை எலி இழுத்துச் சென்றது. உடல்நலமும் குன்றியது. செய்தி கேட்ட தந்தை ஜவுன்பூரில் மனமுடைந்தார். கையில் இருந்ததை எல்லாம் விற்றுத் தின்று தீர்த்தபின், கச்சோரி விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் பனாரசிதாசர் கடனுக்கு உண்ணத் தொடங்கினார். சில நாள் கழிந்தபின் தம்மிடம் காசில்லை என்பதை அவரிடமே தனியாகச் சொல்லிவிட்டார். கடைக்காரரோ இருபது ரூபாய் வரையிலும் கடனாக உண்ணலாம் என்று தேற்றினார். ஆறேழு திங்கள் இவ்வாறு கழிந்தன. மாலை வேளைகளில் மதுமாலதி, மிருகாவதி ஆகிய காதற்காப்பியங்களை அவர் பாட, பத்திருபது பேர் கூடிக் கேட்பர். ஆற்றில் எறிந்த காதற்சுவை பசிக்காலத்தில் மீண்டும் துணைக்கு வந்த நகைமுரணை எண்ணாதிருக்க இயலவில்லை. பிறகு கூட்டு வணிகம் ஒன்று அமைந்தபோது முதலில் கச்சோரிக்காரரின் கணக்கைத் தீர்த்தார். மொத்தக் கடன் 14 ரூபாய். அந்தக் கடைக்காரர் சமணரா, யார் பெற்ற மகன், எவ்வூரினர் என்னும் செய்தி எதுவும் இல்லை. நம்பிக்கையை மட்டும் ஈடாகக் கொண்டு அயலூரானுக்குச் சோறிட்ட அவரைப் போன்றோரைப் பற்றி அரசர் வரலாறுகள் பேசுவதில்லை.

அந்தக் கூட்டு வணிகமும் ஈராண்டில் முடிந்தது. வரவும் செலவும் சரியாகி, ஊதியம் என்று எதுவும் மிஞ்சவில்லை. வெறுங்கையோடு கைராபாத்துக்கு மாமனார் வீடு சென்றார். இரவில் மனைவி வணிகம் எப்படி என்று கேட்டார். முதலில் மழுப்பிய பனாரசிதாசர் பின்னர் உண்மையைச் சொன்னார். அந்த அம்மையார் தாம் சேமித்து வைத்திருந்த இருபது ரூபாயை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். மறுநாள் தாயிடம் தனியே சொல்லி, வேறெவரும் அறியாமல் இருநூறு ரூபாய் பெற்றுத் தந்தார். கணவரின் மானம் ஊரார் முன் குறையக்கூடாது என்பதே அவ்விருவரின் கவலை. அந்த முதலைக் கொண்டு துணியும் முத்தும் வாங்கி அவர் மீண்டும் ஆக்ரா சென்றார். அந்த அம்மையாரின் அருமையை நினைந்து நினைந்து அவர் எழுதியிருக்கிறார்.

நரோத்தமதாசர் என்னும் உயிர்நண்பர் கிடைத்தபின் வணிகம் ஓரளவு தேறியது. இருவரும் சபல்சிங் மோட்டியா என்னும் பெருஞ்செல்வரின் பொருட்டுக் கீழ்நாடுகளுக்குச் சென்று வணிகம் செய்தனர். ஒருமுறை துணைவருடன் செல்கையில் வழி தவறிக் கள்வர் சேரிக்குள் புகுந்துவிட்டார். நூலைத் திரித்துப் பூணூலாக அணிந்து, மண்ணால் நெற்றியில் திலகமிட்டு, அந்தணர் போல் ஆசி கூறிப் பிழைத்தார். கள்வர் தலைவன் அவர்களை வணங்கிக் காட்டைக் கடக்க வழிகாட்டினான். உயிர் பிழைக்கப் பொய் வேடம் புனைந்ததையும் அவர் உள்ளபடியே எழுதினார்.

சபல்சிங்கிடம் கணக்கு முடிக்கச் சென்றபோது கண்ட காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. செல்வரைச் சுற்றிப் பாடகரும் யாழிசைப்போரும் புகழ்பாடிகளும் எப்போதும் கூடியிருப்பர். கணக்கு நாளை பார்க்கலாம் என்பதே விடை. அந்த நாளை பல திங்களாக வரவேயில்லை. கடைசியில் வேறொருவர் இடைநின்று கணக்கைத் தீர்த்து வைத்தார். தம் கணக்கைப் பார்க்க நேரமில்லாத அளவுக்குச் செல்வம் பெருகிய ஒருவரை அவர் அங்கே கண்டார்.

இக்காலத்தில் இழப்புகளும் தொடர்ந்தன. 1616இல் தந்தை மறைந்தார். அதே காலத்தில் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியது. ஜஹாங்கீர் தம் குறிப்புகளில் பதிவு செய்த பெருநோய் அது. மக்கள் கட்டி தோன்றிய சில நாழிகையில் மாண்டனர். பனாரசிதாசர் அண்டைச் சிற்றூர் ஒன்றில் தங்கி உயிர் காத்தார். முதல் மனைவி மகப்பேற்றின்பின் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த அதே தூதர், மனைவியின் தங்கையை அவருக்கு நிச்சயித்த செய்தியையும் கொண்டுவந்தார். அவர் மூன்று முறை மணம் புரிந்தார். பிறந்த மக்கள் ஒன்பதின்மர். ஆண் எழுவர், பெண் இருவர். ஒருவரும் தங்கவில்லை.

இத்தகைய நிலையில், 1623இல், அவருக்கு வயது முப்பத்தேழு ஆனபோது, ஆன்மிக நாட்டமுள்ள அரத்மல் டோர் என்னும் அன்பர் ஒரு நூலை அவர் கையில் கொடுத்தார். ஆசார்ய குந்தகுந்தர் அருளிய சமயசாரத்தின் பொருளை வட்டார மொழியில் விளக்கி ராஜமல்லர் எழுதிய உரை அது. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் தவம் புரிந்த ஏலாசாரியார் என்று தமிழ்ச் சமணர் பாதம் பணிந்து போற்றுபவரே அந்தக் குந்தகுந்தர். தென்னாட்டு மாமுனிவரின் சொல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கடந்து, யமுனைக் கரையில் இருந்த ஒரு வணிகரின் நெஞ்சைத் தைத்தது.

ஆன்மா தூயது, வினையும் உடலும் அதற்கு அயலானவை என்று நிச்சய நயத்தால் உரைப்பது சமயசாரம். ஆனால் அந்த நிலையை அடையாதவர்க்கு வியவகார நயமும் வேண்டும் என்பதையும் குந்தகுந்தரே உணர்த்தியிருக்கிறார். பனாரசிதாசர் முதற்பகுதியைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். ஆன்மாவே தூயதென்றால் பூசை எதற்கு, நோன்பு எதற்கு, சாமாயிகம் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டார். விலக்கியிருந்த உணவுகளுக்கு விலக்கு நீங்கியது. இறைவன் திருமுன் படைத்த பொருளையும் கூசாமல் உண்டார். அவரும் நண்பர் மூவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஆடையைக் களைந்து, உடைமை நீத்த முனிவர் தாமே என்று கூறிச் சுற்றி வருவர். திகம்பர முனிவரின் ஆடையின்மை உள்ளும் புறமும் பற்று அற்றதன் விளைவு. நால்வர் ஆடியதோ விளையாட்டு. ஊரார் அவரை இகழ்ந்தனர். அவர் பொருட்படுத்தவில்லை. தாம் எல்லாவற்றையும் எளிமையாக்கிவிட்டதாக அவர் எண்ணினார். உண்மையில் அவர் கைவிட்டவை கடினமானவை மட்டுமே. பொருளாசையும் கடையும் மனைவாழ்வும் முன்போலவே இருந்தன. இந்தச் சூக்குமம் அவருக்கு விளங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளிலும் அவர் ஆன்மிகப் பாடல்கள் பல இயற்றினார். கருத்தில் அவை பழுதற்றவை. சொல் ஒரு நிலையிலும் சொன்னவர் வேறொரு நிலையிலும் இருந்தனர்.

1635இல் பண்டித ரூப்சந்த் ஆக்ரா நகருக்கு வந்து ஜினாலயம் ஒன்றில் தங்கினார். அத்யாத்ம அன்பர்கள் வேண்ட, அவர் கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். அதுவும் தென்னாட்டில் தோன்றிய நூலே. சிரவணபெளகொளாவில் கோம்மடேசுவரர் திருமேனியை நிறுவிய சாமுண்டராயர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றியது. ஆன்மா ஏறவேண்டிய பதினான்கு குணஸ்தானங்களை ரூப்சந்த் படிப்படியாக விளக்கினார். நற்காட்சி பெற்றும் விரதம் ஏற்காதவர் நிற்கும் படி நான்காவது. அணுவிரதம் ஏற்ற சிராவகர் நிற்பது ஐந்தாவது. முனிவரின் நிலை அதற்கும் மேலே தொடங்குகிறது. அந்தந்தப் படியில் நிற்பவர்க்கு அந்தந்தப் படிக்குரிய ஒழுக்கம் உண்டு. மேற்படியின் உண்மையை அறிந்துவிட்டதனால் கீழ்ப்படியில் நிற்பவரின் கடமை நீங்கிவிடாது. ஏணியின் உச்சியைக் கண்ணால் கண்டவன் காலால் ஏறிவிட்டவன் ஆகான்.

நாற்பத்தொன்பது வயது வணிகருக்கு இது கண் திறந்தாற்போல் இருந்தது. சமயசாரத்தில் அவர் கொண்ட பற்றுக் குறையவில்லை. அதைப் பற்றிய விதம் மாறியது. நிச்சயமும் வியவகாரமும் பகையல்ல என்பது அநேகாந்த நெறியால் தெளிவாயிற்று. ரூப்சந்த் சில ஆண்டுகளில் மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அடுத்த ஆண்டே, 1636இல், பனாரசிதாசர் சமயசார நாடகம் என்னும் தம் பெருநூலை முடித்தார். குந்தகுந்தரின் கருத்தையும், அமிருதசந்திரர் வடமொழியில் இயற்றிய கலசப் பாடல்களையும் அடியொற்றி, ஆன்மாவை உலக மேடையில் பல வேடம் புனையும் நடிகனாகக் காட்டும் பிரஜ மொழிக் காவியம் அது. வடநாட்டுத் திகம்பரச் சமணர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் இன்றளவும் ஓதப்படுகிறது. ஆற்றில் எறிந்த ஆயிரம் பாடல்களுக்கு ஈடு அப்போதுதான் கிடைத்தது.

ரூப்சந்தின் உரை கேட்டபின் பனாரசிதாசர் துறவு பூணவில்லை என்பது கருதத்தக்கது. கடையை மூடவில்லை, மனைவியைப் பிரியவில்லை, காட்டுக்குச் செல்லவில்லை. தாம் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்தப் படியில் நிற்பவராகவே வாழத் தொடங்கினார். பொற்காசு மந்திரமும், சிவன் என்று கொண்ட சங்கும், அறைக்குள் ஆடிய முனிவர் வேடமும் ஆகிய அனைத்தும் தாம் இல்லாத ஒன்றாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் முயற்சிகள். அவர் குறைத்துக்கொண்டவற்றுள் மிகப் பெரியது அந்தப் பாசாங்கே. பொன்னையும் பொருளையும் குறைப்பது அதைவிட எளிது, விற்றுவிட்டால் போதும்.

தெளிவு வந்ததனால் துன்பம் வராமல் நின்றுவிடவில்லை. எஞ்சியிருந்த ஒரே மகனும் அதன்பின் இறந்தான். குணஸ்தானங்களை வரிசை பிறழாமல் சொல்லவல்லவர் அந்தத் துயரத்தில் நிலைகுலைந்தார். மோகத்தின் வலிமை எத்தகையது என்பதை அவர் ஏட்டில் அல்லாமல் நெஞ்சில் படித்த காலம் அது. மீண்டெழ நெடுநாள் ஆயிற்று. வீட்டில் கணவனும் மனைவியும் ஆக இருவர் மட்டுமே எஞ்சினர். அந்த வெறுமைக்குப் பின்னரே 1641இல் அர்த்த கதானகத்தை எழுத அமர்ந்தார்.

நூலின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் அவர் வரவு செலவு போல் நிரல்படுத்தியிருக்கிறார். வரவுப் பக்கத்தில் கவித்திறன், பொறுமை, இனிய பேச்சு, பல மொழிப் பயிற்சி, மனைவியன்றிப் பிறரை நாடாமை, ஜினதர்மத்தில் உறுதி ஆகியவை உள்ளன. செலவுப் பக்கமோ நீளமானது. சினமும் செருக்கும் வஞ்சமும் தம்மிடம் சிறிதே எனினும் பொருளாசை பெரிது என்கிறார். வீட்டைவிட்டு வெளியேற மனமில்லை. ஜபமும் தவமும் அடக்கமும் கைவரவில்லை. சிறு வரவில் துள்ளுவதும் சிறு நட்டத்தில் துவளுவதும் மாறவில்லை. கூசாமல் தகாத சொல் பேசுவதும், சபையில் கட்டுக்கதையை மெய்போல் சொல்வதும், காரணமின்றித் திடீரென அஞ்சுவதும் உண்டு. தனியாக இருக்கும்போது எழுந்து நடனமாடுவதும் உண்டு.

நாற்பதாண்டுக் காலம் தம்மைத் தாமே பின்தொடர்ந்து பார்த்தவரின் ஒப்புதல் இது. நூல் எழுதும்போதும் தாம் திருந்தி முடிந்தவர் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஷாஜகானுடன் அவர் சதுரங்கம் ஆடினார் என்றும், துளசிதாசரைக் கண்டு அளவளாவினார் என்றும் பிற்காலத்தவர் கதைகள் புனைந்தனர். அவர் தம் நூலில் அவற்றைக் குறிக்கவில்லை. பேரரசரோடு ஆடிய சதுரங்கத்தை விட்டுவிட்டுக் கச்சோரிக் கடன் 14 ரூபாயை எழுதிவைப்பவர் எவரும் இரார். ஆதலின் அக்கதைகளை ஒதுக்கிவிடலாம்.

பாலக பருவத்தையும் இளமையையும் விரிவாக எழுதிய அவர், பிற்பாதியை வருங்காலம் அறியும் என்று விட்டுவிட்டார். மீதமுள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவருக்கு வாய்க்கவில்லை. 1643ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார் என்பர். அவருடைய சிறு நூல்களும் பாடல்களும் சிதறாதவாறு ஆக்ராவைச் சேர்ந்த ஜகஜீவனர் என்னும் அன்பர் 1644இல் அவற்றைத் திரட்டிப் பனாரசி விலாசம் என்னும் பெயரால் தொகுத்துவைத்தார். பாதிக் கதையின் மறுபாதி எழுதப்படவில்லை.